ஒரு வீட்டுக்கு ஒரு டிஹெச்சிபி போதும்

"மாடியில வைஃபை முழுசா காட்டுது தம்பி, ஆனா நெட்டு மட்டும் வரமாட்டேங்குது." மதுரையில் ஒரு வீட்டு அம்மா போன மாதம் போனில் சொன்னது இது. வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் வேலை பார்க்கும் எனக்கு வாரம் ஒருமுறையாவது இதே புகார் வந்துவிடும்.

கீழ்த்தளத்தில் ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி. மாடியில் சிக்னல் போதவில்லை என்று மகன் வாங்கிவைத்த புது ரௌட்டர். இரண்டுக்கும் நடுவே ஒரு லேன் ஒயர். அம்மாவின் போனில் நெட் வருகிறது, மகளின் ஆன்லைன் வகுப்பு நின்றுபோகிறது. மறுநாள் அப்படியே தலைகீழ். கம்பெனியிலிருந்து வந்தவர்கள் ஃபைபரைச் சோதித்து, லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். லைன் சரியாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு போன் வைஃபையில் சேர்ந்ததும், "எனக்கு ஒரு ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்கில் என்னை அடையாளம் காட்டும் எண்) கொடுங்கள்" என்று நெட்வொர்க் முழுக்கக் கேட்கும். பதில் சொல்வது டிஹெச்சிபி, அதாவது ரௌட்டருக்குள் ஓடும், அட்ரஸ் வழங்கும் சேவை. அட்ரஸோடு சேர்த்து, வெளியே போகும் வழியான கேட்வே எது, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் எது என்பதையும் அதுதான் சொல்லும். அந்த வீட்டில் பதில் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள். கீழே உள்ள பெட்டி 192.168.1.1, மாடி ரௌட்டர் 192.168.0.1. பொதுவாக யாருடைய பதில் முந்துகிறதோ அதையே போன் பிடித்துக்கொள்ளும். மாடி ரௌட்டர் முந்திய போன்களுக்கெல்லாம் கேட்வே 192.168.0.1. அந்த ரௌட்டரில் ஒயர் இருந்தது வீட்டுக் கருவிகளை இணைக்கும் லேன் போர்ட்டில்; வெளியிலிருந்து நெட் வந்து சேர வேண்டிய வான் போர்ட்டிலோ ஒயரே இல்லை. பிறகு எங்கே போகும் நெட்? ரீஸ்டார்ட் செய்ததும் சரியானதுபோலத் தெரிந்ததற்கும் இதுவே காரணம். அந்த முறை கீழ்ப் பெட்டி முந்தியிருக்கும், அவ்வளவுதான்.

நீங்களே பார்த்துக்கொள்ளலாம். போனில் வைஃபை பெயரைத் தொட்டு, விவரப் பக்கத்தில் கேட்வே எண்ணைப் பாருங்கள். ஒரே வீட்டில் இரண்டு போன்களில் இரண்டு கேட்வே இருந்தால் சந்தேகம் அங்கேயே தொடங்கட்டும். லேப்டாப்பில் அட்ரஸ் 169.254 என்று ஆரம்பித்தால் யாருமே பதில் தரவில்லை, அதுவே தனக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள்.

இரண்டாவது ரௌட்டரில் 'ஆக்சஸ் பாயிண்ட் மோட்' (அட்ரஸ் கொடுக்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் நிலை) இருந்தால் அதைப் போடுவதே எளிது. இல்லையென்றால் லேப்டாப்பை அந்த ரௌட்டரோடு மட்டும் தனியாக இணைத்து, பிரவுசரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, முதலில் ரௌட்டரின் லேன் அட்ரஸை 192.168.1.2 என்று மாற்றுங்கள். புது அட்ரஸில் திரும்ப நுழைந்து, அதற்குப் பிறகே டிஹெச்சிபியை அணையுங்கள். முதலிலேயே அணைத்துவிட்டால் லேப்டாப்புக்கு அட்ரஸ் கிடைக்காமல் வெளியே நின்றுவிடுவீர்கள். பிறகு கீழ்ப் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு ஒயர். வான் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

வான் போர்ட்டில் சொருகினாலும் நெட் வரும், மறுக்கவில்லை. ஆனால் மாடி தனி நெட்வொர்க் ஆகிவிடும். கீழே இருக்கும் போனுக்கு மாடி பிரிண்டர் தெரியாது. கீழ்ப் பெட்டியில் ஸ்டாட்டிக் ரூட் எழுதி வழிகாட்டினாலும், மாடி ரௌட்டரின் ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும். இரண்டு பக்கமும் 192.168.1 என்றே இருந்தால் இன்னும் மோசம். எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரௌட்டருக்கே தெரியாது. வீட்டுக்கு இவ்வளவு சிக்கல் தேவையில்லை என்பதே என் கருத்து.

கேமரா டிவிஆர், பிரிண்டர் இவற்றுக்கு நிலையான அட்ரஸ் வேண்டும். அட்ரஸின் கடைசி எண்ணில் டிஹெச்சிபி 100 முதல் 200 வரை கொடுக்கட்டும், இவற்றை 100-க்குக் கீழே வையுங்கள். அந்த வரம்புக்குள்ளேயே கையால் போட்டால், ஒருநாள் அதே எண் விருந்தாளியின் போனுக்குப் போய், இரண்டுமே தடுமாறும்.

டிஹெச்சிபி பக்கத்தைத் திறந்தால் டிஎன்எஸ் கட்டத்தையும் கட்டாயம் பாருங்கள். அங்கே யாராவது எண்ணை மாற்றிவைத்தால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாக அடித்தாலும் வேறு இடத்துக்குப் போகலாம். 'டிஎன்எஸ் சேஞ்சர்' என்ற தீநிரல் இப்படித்தான் உலகமெங்கும் லட்சக்கணக்கான கணினிகளைத் திசைதிருப்பியது. 2011 நவம்பரில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் விசாரணையில் அந்தக் கும்பல் எஸ்டோனியாவில் பிடிபட்டது. கம்பெனி போட்ட பாஸ்வேர்டை மாற்றாத ரௌட்டர்களின் டிஎன்எஸ்ஸையும் அந்தத் தீநிரலால் மாற்ற முடிந்தது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரௌட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்றிய வீடுகளை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

அந்த அம்மா வீட்டில் அதையும் மாற்றிவிட்டு, மாடி ரௌட்டரின் அடியில் ஒரு துண்டுத் தாள் ஒட்டினேன்: '192.168.1.2, டிஹெச்சிபி ஆஃப், லேன் டு லேன்.' ரீசெட் ஓட்டையில் யாராவது குண்டூசியை விட்டு அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குப் போய், டிஹெச்சிபி தானாக ஓட ஆரம்பித்துவிடும். அப்போது அந்தத் தாள் அங்கே இருக்க வேண்டும்.