ஒரு புள்ளி விழுந்தால் ‘பல்’ ‘பல’ ஆகிவிடும்

கொங்கு நாட்டின் கடந்த நூறாண்டுக் கதையில் பெரும்பகுதி பழைய பத்திரிகைக் கட்டுகளுக்குள்தான் கிடக்கிறது. பஞ்சு விலை, மில் வேலைநிறுத்தம், கீழ்பவானி வாய்க்கால் பற்றிய பேச்சு, மாட்டுச் சந்தை, ஊர்க் கூட்டம் எல்லாம் உள்ளூர்த் தாள்களில்தான் வந்தன. அவற்றைக் கணினிக்குள் கொண்டுவரும் பணிக்கு இன்டர்ன்ஷிப் வரும் கல்லூரி மாணவர்கள் பலர், “ஸ்கேன் பண்ணீட்டா முடிஞ்சதுங்களே?” என்றுதான் முதலில் கேட்பார்கள். முடியாது. ஸ்கேன் செய்தால் கிடைப்பது பக்கத்தின் படம் மட்டும். அந்தப் படத்தில் ‘ஊத்துக்குளி’ என்று தேடினால் ஒன்றும் வராது. படத்தில் உள்ள ஒவ்வொரு எழுத்தையும் கணினி எழுத்தாகப் படித்தாக வேண்டும். தமிழில் அது எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் தாள். செய்தித்தாள் காகிதம் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்யப்பட்டது. மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் அதிலேயே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பேறும். காகிதத்தில் உள்ள அமிலம் செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக அறுக்கும். அதனால்தான் பழைய தாளை மடித்தால் மடிப்பிலேயே ஒடிகிறது. இப்படிப்பட்ட தாளைத் தானாக இழுத்துக்கொள்ளும் ஸ்கேனரில் போடவே கூடாது. தட்டையாக விரித்து, இரு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, மேலிருந்து கேமராவில் எடுக்க வேண்டும்.

எவ்வளவு நுணுக்கமாக எடுப்பது? அங்குலத்துக்கு 400 பிக்சல்கள், அதாவது படத்தின் மிகச் சிறு கட்டங்கள், என்றால் 15க்கு 22 அங்குலப் பக்கம் ஒன்று 6000க்கு 8800 பிக்சல்கள் ஆகிறது. நிறத்தோடு, சுருக்காமல் சேமித்தால் பக்கத்துக்கு 158 எம்பி. “இவ்வளவு எதுக்குங்க?” என்று யாரும் கேட்பார்கள். காரணம் நம் மெய்யெழுத்தின் தலைமேல் இருக்கும் புள்ளி.

அந்தக் காலப் பொடி எழுத்தில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. 400 பிக்சல் நுணுக்கத்தில் எடுத்தாலும் படத்தில் அது ஆறேழு பிக்சல் அகலம்தான் வரும். பழுப்பேறிய தாளில் உள்ள கறையும் பூஞ்சைப் பொட்டும் ஏறக்குறைய அதே அளவு. கணினி படிப்பதற்கு முன் பக்கத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சிறு பொட்டுகளைக் குப்பை என்று துடைத்துவிடும். ஆங்கிலத்துக்காக அமைத்த துடைப்பு நம் புள்ளிகளையும் சேர்த்துத் துடைக்கும். ‘பட்டம்’ என்பதில் புள்ளிகள் போனால் ‘படடம’ என்று வரும். அதைப் பார்த்தவுடன் தவறு என்று தெரிந்துவிடும். ‘பல்’ என்பது ‘பல’ ஆகிவிட்டால் தெரியாது, இரண்டும் நல்ல சொற்கள். எதிர்ப்பக்கத்திலும் இதே வம்பு உண்டு: ஒரு கறை சரியான இடத்தில் விழுந்துவிட்டால் இல்லாத மெய்யெழுத்து முளைக்கும். எனவே தமிழ்த் தாளுக்குத் துடைப்பைக் குறைத்தே வைக்க வேண்டும். குப்பை கொஞ்சம் மிஞ்சினாலும் பரவாயில்லை.

அடுத்த சிக்கல் எழுத்தின் வடிவம். இதில் ஈரோட்டுக்குத் தனி இடம் உண்டு. 1925 மே 2 அன்று அங்கிருந்து வரத் தொடங்கிய ‘குடி அரசு’ இதழில்தான், 1935 ஜனவரியில் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் தும்பிக்கை போல வளைந்த கொக்கியோடு இருந்தன. ணா, றா, னா ஆகியவற்றுக்கும் அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளுக்கும் தனி வடிவங்கள் இருந்தன. மொத்தம் 13 எழுத்துகள். தமிழ்நாடு அரசு இந்தச் சீர்திருத்தத்தை ஏற்றது 1978இல். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பத்திரிகை புது வடிவிலும் இன்னொன்று பழைய வடிவிலும் வந்துகொண்டிருந்தன. ஆகவே தேதியை மட்டும் பார்த்து எந்த வடிவம் என்று சொல்ல முடியாது. தாளைப் பார்த்தாக வேண்டும். இன்றைய எழுத்தை மட்டுமே கற்ற கணினி அந்தக் கொக்கியைத் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு குழம்பும். அச்சுக் கோத்துப் பழகிய பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், “அது ‘ணை’ கண்ணு” என்று ஒரு நொடியில் சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட ஒருவரை மாணவர்களோடு உட்கார வைக்காமல் எந்த ஊரிலும் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, கணினிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? 1980களில் எச்பி நிறுவனத்தில் உருவாகி, 2005இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டெசராக்ட் போன்ற மென்பொருள்கள் இன்று வரி வரியாகப் படிக்கின்றன. ஒரு வரியின் படத்தை ஒல்லியான செங்குத்துப் பட்டைகளாக எடுத்து, முன்பின் பட்டைகளையும் கருத்தில் கொண்டு, இது இன்ன எழுத்து என்று ஊகிக்கின்றன. அந்த ஊகம் திருந்த, வரியின் படமும் அதன் சரியான எழுத்தும் சேர்ந்த சோடிகள் ஏராளமாக வேண்டும். மாணவர்கள் செய்யும் முக்கியமான வேலை அதுதான்: கணினி படித்ததைப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது. பழைய வடிவ ‘லை’யைப் பார்த்தால் வழக்கமான ‘லை’யையே தட்டச்சு செய்யலாம். கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான ஒருங்குறியில் (யுனிகோடு) இரண்டும் ஒன்றே, வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. ஆனால் ‘மஹாநாடு’ என்று இருந்தால் ‘மாநாடு’ என்று திருத்திவிடக் கூடாது. அச்சில் இருப்பதை அப்படியே அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் கணினி தப்பான பாடம் படித்துவிடும்.

நூற்றுக்கு 95 எழுத்து சரி என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஏழெழுத்துச் சொல் ஒன்று பிழையே இல்லாமல் வர, 0.95ஐ ஏழு முறை பெருக்க வேண்டும், வருவது 0.70. பத்துச் சொல்லில் மூன்று கெட்டுவிடுகிறது, தேடினால் அகப்படாது. 99 ஆக்கினால் 0.93. 95ஐ 99 ஆக்கும் அந்த உயர்வுக்குத்தான் அத்தனை உழைப்பும்.

அப்புறம் பத்திகள், அதாவது பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் செய்தி வரிசைகள். பத்தி எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால் பஞ்சு விலையும் திருமண அறிவிப்பும் ஒரே வாக்கியமாகிவிடும். பழைய தாள்களில் வரி முடிந்த இடத்தில் சொல்லை அப்படியே உடைப்பார்கள், இணைப்புக் கோடு பெரும்பாலும் இருக்காது. ‘கோயமுத்’ ஒரு வரியில், ‘தூர்’ அடுத்த வரியில். சேர்த்துப் பார்க்கக் கணினிக்குச் சொல்லித்தர வேண்டும். தேடும்போது கோயமுத்தூர், கோயம்புத்தூர், கோவை மூன்றும் ஒன்றே என்றும், காங்கேயமும் காங்கயமும் ஒரே ஊர் என்றும் ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை எழுத அந்தந்த ஊர்ப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர்கள் கிடையாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கட்டு ஏதாவது இருந்தால் கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை பழுப்பேறித் தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு எடுக்க முடியாது. லேமினேஷனும் வேண்டாம். வெயில் படாத, ஈரமில்லாத இடத்தில் தட்டையாக வைத்து, பத்திரிகையின் பெயர், தேதி, இதழ் எண் மூன்றையும் ஒரு தனிச் சீட்டில் எழுதி வையுங்கள். படம் எடுக்க வரும் மாணவர் முதலில் கேட்பது அந்த மூன்றைத்தான்.