செவுளைத் திறந்து பார்த்தீர்களா?

பங்குனி மாதம் ஒருநாள், ஒரத்தநாடு பக்கத்து விவசாயி ஒருவர் உரச்சாக்கில் நான்கு ரோகு கெண்டைகளைக் கொண்டுவந்தார். விடியற்காலையில் செத்தவை. மீன் நோய் பார்க்கும் என் மேசைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு. உடம்பெங்கும் சிவந்த பொட்டுகள். சில இடங்களில் செதில் கழன்று புண்ணாகியிருந்தது.

"கடைக்காரர் பாக்டீரியாங்கிறார் சார். ஆன்டிபயாடிக் குடுத்தார், தீவனத்துல கலந்து போட்டுட்டேன்" என்றார். புண்ணைப் பார்த்துவிட்டு நானும் சரியென்று தலையாட்டினேன். அது என் தவறு.

மனசு கேட்காமல் மறுநாள் விடியலில் அவர் குளத்துக்கே போனேன். வலையில் ஏறிய ரோகுவை ஈரக்கையில் பிடித்துப் பார்த்தால், துடுப்பின் அடியில் செதிலைப் போலவே தட்டையாக, கண்ணாடி போன்ற ஒன்று நகர்ந்தது. மீன் பேன். ஒரே மீனில் முப்பதுக்கு மேல் எண்ணினேன். மீன் செத்ததும் பேன் அதை விட்டு இறங்கி, உயிருள்ள அடுத்த மீனைத் தேடிப் போய்விடும். அதனால்தான் சாக்கில் புண் மட்டும் வந்தது, புண்ணை உண்டாக்கியது குளத்திலேயே நின்றுவிட்டது. ஆன்டிபயாடிக்குக்குப் பேன் சாகாது. பணமும் நான்கு நாளும் போனதுதான் மிச்சம்.

அன்றிலிருந்து செத்த மீனை மட்டும் வைத்து நான் எந்த முடிவும் சொல்வதில்லை. கெண்டை மீனின் உடல்நிலையை உயிரோடு இருக்கும்போது பார்க்க வேண்டும், அதுவும் குளத்தங்கரையில்.

பார்க்கத் தகுந்த நேரம் விடிவதற்குச் சற்று முன். இரவு முழுக்க மீனும் பாசியும் அடிச்சேறும் பிராணவாயுவை இழுத்திருக்கும். தண்ணீரில் அது மிகக் குறைவாக இருப்பது அப்போதுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் கெண்டைகள் திணறும். முதலில் மேலே வந்து வாயைப் பிளப்பது பெரும்பாலும் கட்லாதான். வெயில் ஏறியதும் அவை கீழே இறங்கிவிட்டால் கோளாறு தண்ணீரில். நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கும் மேலேயே திணறிக்கொண்டிருந்தால் கோளாறு செவுளிலோ ரத்தத்திலோ இருக்கலாம். கருவி எதுவும் இல்லாமல் எந்த விவசாயியும் பார்த்துவிடக்கூடிய வித்தியாசம் இது. இது தெரியாமல் எத்தனையோ குளங்களில் மருந்தைக் கொட்டியிருக்கிறார்கள்.

செத்து மிதப்பவை பெரிய மீன்கள் மட்டுமா, குஞ்சும் சேர்த்தா என்றும் பாருங்கள். மூச்சுக் குறைவில் பெரும்பாலும் பெரியவை முதலில் சாகும். பூச்சிமருந்து மாதிரி விஷம் கலந்திருந்தால் சிறுசுகள் முந்திக்கொள்ளும். பக்கத்து வயலில் மருந்தடித்த மறுநாள் குஞ்சுகள் மிதந்தால் நோயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள், வரப்பைப் பாருங்கள்.

பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது வலை போடுங்கள். தீவனம் போடும் மூலையில் வீச்சுவலை வீசி நாலு மீன் எடுப்பது போதாது. அங்கே ஓடிவருவது பசியுள்ள, நல்ல மீன். சீக்காளி மீன் ஓரத்தில், தண்ணீர் வந்துவிழும் இடத்தில், தனியாக நிற்கும். அதனால் இழுவலைதான் சரி. காலைக் குளிர்ச்சியில், முதல் நாள் தீவனத்தை நிறுத்திவிட்டு இழுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து எடுத்து எடை போட்டு நோட்டில் எழுதுங்கள். தலை பெருத்து உடம்பு ஒடுங்கியிருந்தால் தீவனம் போதவில்லை, அல்லது புழு இருக்கிறது.

கையில் எடுத்த மீனை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நல்ல மீனின் கண் உடம்போடு சேர்ந்து திரும்பாது. சாய்வுக்கு ஈடுகொடுத்துத் தன் நிலையிலேயே நிற்கப் பார்க்கும். தூக்கியதும் வாலை விசிறி அடிக்கும். கண் உடம்போடு திரும்பி வாலும் தொங்கினால் அது சோர்ந்த மீன். அதைத் தனியே வையுங்கள்.

அடுத்தது செவுள். மூடியைத் தூக்கிப் பார்க்க அரை நிமிடம் போதும். என் கணக்கில் பாதி நோய் அங்கேயே எழுதியிருக்கும். நல்ல செவுள் ரத்தச் சிவப்பாக, இழை இழையாகப் பிரிந்து நிற்கும். வெளுத்திருந்தால் ரத்தசோகை. கோழை படிந்து இழைகள் ஒட்டிக் கிடந்தால் செவுள் புழுவாக இருக்கலாம். அது கண்ணுக்குத் தெரியாது, நுனியைக் கத்தரித்து நுண்ணோக்கியில்தான் பார்க்க வேண்டும். வெள்ளை மணிகள் தெரிந்தால் ஒட்டுண்ணிக் கட்டிகள். பழுப்பு நிறமானால், கழிவு மட்கும்போது தண்ணீரில் சேரும் நைட்ரைட் என்ற நஞ்சு ஏறியிருக்கிறது என்ற சந்தேகம் வர வேண்டும். தண்ணீரில் பிராணவாயு இருந்தாலும் ரத்தத்தால் அதைச் சுமக்க முடியாத நிலை அது. அதற்குச் சாதா உப்பு உதவும். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் புகுவதைத் தடுக்கும். எவ்வளவு உப்பு என்பதைத் தண்ணீரைச் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

வயிறு உப்பி, செதில்கள் சிலிர்த்து நின்றால் ஒரு மீனை அறுத்துப் பார்க்கலாம். கெண்டைக்கு இரைப்பை கிடையாது, நீண்ட குடல்தான். குடல் வெறுமையாக, பித்தப்பை கரும்பச்சையாகப் பருத்திருந்தால் அந்த மீன் பல நாளாகத் தின்னவில்லை. "தீவனம் போடுற அன்னிக்கே காலியாயிடுது சார்" என்று என்னிடம் சொன்னவரின் குளத்திலேயே இப்படிப் பார்த்திருக்கிறேன். காலியான தீவனம் தண்ணீரில் கரைந்திருந்தது, மீன் வயிற்றுக்குப் போகவில்லை.

சுண்ணாம்பு விஷயத்தையும் சொல்ல வேண்டும். மீன் செத்தால் உடனே சுண்ணாம்பு தெளிப்பது நம் பக்கத்துப் பழக்கமாகிவிட்டது. அம்மோனியா ஏறிய குளத்தில் அது எரிகிற நெருப்பில் எண்ணெய். சுண்ணாம்பு தண்ணீரின் பிஹெச்சை, அதாவது அமில-கார அளவை, ஏற்றிவிடும். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் நச்சு வடிவ அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்காகும். பிஹெச் பார்க்காமல் சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகள் மீன் வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. பெயரில்லாத பொடியை எந்தக் கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அந்த ரோகு குளத்தில் மருந்தோடு இன்னொன்றும் செய்தோம். பேன் தன் முட்டையை மூங்கில், கல், பலகை போன்ற கெட்டியான பரப்பில்தான் ஒட்டும். பெரும்பாலான மருந்துகள் முட்டையைக் கொல்லாது. அதனால் அந்த விவசாயி பழைய மூங்கில்களைப் பிடுங்கிவிட்டு, பேன் முட்டையிடுவதற்கென்றே புதுசாகப் பலகைகளை நட்டு, வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நல்ல வெயிலில் காயப்போட்டார். இரண்டு மாதத்தில் மீன்கள் பேன் தொல்லையால் உடம்பைத் தேய்ப்பதும் துள்ளுவதும் நின்றது.

பரிசோதனைக்குக் கொண்டுவருவதானால், சோர்ந்து நீந்தும் மீன் இரண்டு மூன்றைக் குளத்துத் தண்ணீரோடு பிராணவாயு நிரப்பிய பையில் உயிரோடு கொண்டுவாருங்கள். முடியாவிட்டால், செத்து ஒரு மணி நேரத்துக்குள் ஐஸில் வையுங்கள், ஃப்ரீசரில் உறையவிடாதீர்கள். நன்றாக இருக்கும் மீன் ஒன்றையும் கூட எடுங்கள், ஒப்பிட வேண்டும். தண்ணீரைத் தனி பாட்டிலில், விடியற்காலையில் பிடியுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் கடைசிப் பத்து நாளில் குளத்தில் என்னென்ன ஊற்றினீர்கள், எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொண்டுவாருங்கள்.