பண்புக்கூறும் 'அன்ன பிற'வும்

'ஆட்ரிபியூட்' என்பதற்குத் தமிழில் பண்பு, இயல்பு, பண்புக்கூறு என்று பல சொற்கள் புழங்குகின்றன. தகவலைக் குறிகளுக்குள் இட்டு எழுதும் எக்ஸ்எம்எல்லைப் பொறுத்தவரை என் ஓட்டு பண்புக்கூறுக்கே. பண்பும் இயல்பும் 'ப்ராப்பர்ட்டி'க்கு வேண்டும். ஜாவா நிரல்மொழியில் அதுவும் அன்றாடம் வரும் சொல். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் பாடம் நடத்துகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன். 'அட்ரிபுவெரே' என்றால் இன்னாருக்கு இது என்று பங்கு ஒதுக்குதல். மதுரைச் சந்தைகளில் கத்தரிக்காயைக் குவித்துவைத்து, 'கூறு 20 ரூபாய்' என்று விற்கிறார்களே, அந்தக் கூறும் பங்குதான். பின்பாதி இப்படி மூலத்தோடு ஒட்டிவிடுகிறது. முன்பாதியான பண்பு நம் இலக்கணத்திலிருந்து வருகிறது.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வியாபாரி ஒருவர் அனுப்பும் சரக்குக் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

<பூ வகை="மல்லிகை" எடை="20" பறித்தது="விடியல்"/>

'பூ' உறுப்பு; மற்ற மூன்றும் பண்புக்கூறுகள். (1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். பலருக்கு இது தெரிவதில்லை.) குறிப்பில் எவையெல்லாம் வரலாம் என்று வரையறுக்கும் ஸ்கீமாவில் இருப்பவை வகையும் எடையும் மட்டுமே. மாலைக்குள் மொட்டு விரிந்துவிட்டால் விலை இறங்கிவிடும் என்பதால் 'பறித்தது' என்பதை வியாபாரியே சேர்த்துவிட்டார். இதை ஜாவாவில் படிப்பது எப்படி?

ஆவணம் முழுவதையும் மரம்போல நினைவகத்தில் ஏற்றிப் படிக்கும் டாம் வழியில் சிக்கலே இல்லை. 'கெட்ஆட்ரிபியூட்ஸ்' என்று கேட்டால், ஸ்கீமா சொன்னதும் சொல்லாததுமாக எல்லாம் வந்து நிற்கும். சிக்கல், எக்ஸ்எம்எல்லை ஜாவா வகுப்புகளின் (கிளாஸ்) பொருள்களாக மாற்றித்தரும் ஜாக்ஸ்பியில். வகுப்பில் இடமில்லாத பண்புக்கூறை அது பிழை என்றுகூடச் சொல்லாமல் விட்டுவிடும். குறிப்பில் 'விடியல்' இருக்கும், நிரலுக்குள் இருக்காது. சத்தம் போடும் பிழையைவிட இது மோசம்.

இதற்கென்றே 'எக்ஸ்எம்எல்எனிஆட்ரிபியூட்' என்ற குறியீடு (அனொடேஷன்) இருக்கிறது. வகுப்பில் கியூநேமை (பண்புக்கூறின் முழுப்பெயர்) திறவுகோலாகவும் சரத்தை (எழுத்துத் தொடர்) மதிப்பாகவும் கொண்ட ஒரு மேப் (பெயர்-மதிப்பு அட்டவணை) வைத்து, அதன் தலையில் இக்குறியீட்டை இட்டால், வகுப்பில் தனி இடமில்லாத பண்புக்கூறுகள் எல்லாம் அங்கே வந்து சேரும். ஸ்கீமாவிலேயே 'எனிஆட்ரிபியூட்' என்று எழுதிவிட்டால், ஸ்கீமாவிலிருந்து ஜாவா வகுப்புகளை எழுதித்தரும் எக்ஸ்ஜேசி கருவி அந்த மேப்பைத் தானே உருவாக்கி, 'அதர்ஆட்ரிபியூட்ஸ்' என்று பெயரும் வைத்துவிடும்.

இந்த 'எனிஆட்ரிபியூட்'டை 'எந்தப் பண்புக்கூறும்' என்று பெயர்ப்பவர்கள் உண்டு. எனக்கு அது கேள்வி போல ஒலிக்கிறது. தொல்காப்பியர் பண்புத்தொகையைச் சொல்லும்போது வண்ணம், வடிவு, அளவு, சுவை என்று நான்கை எண்ணிவிட்டு, 'அன்ன பிறவும்' என்று வாசலைத் திறந்துவைக்கிறார். ஸ்கீமாவில் அந்த ஒரு வரி செய்யும் வேலையும் அதுதான். 'பிற பண்புக்கூறுகள்' என்றால் போதும். எக்ஸ்ஜேசி தரும் பெயருக்கும் அது அப்படியே பொருந்தும்.

எழுதும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். 'எனிஆட்ரிபியூட்'டில், எவ்வளவு கண்டிப்பாகச் சரிபார்ப்பது என்று சொல்லும் 'ப்ராசஸ்கன்டென்ட்ஸ்' என்பதை எழுதாமல் விட்டால் அது 'ஸ்ட்ரிக்ட்' என்றே கொள்ளப்படும்; அதாவது ஸ்கீமாவின் மேல்மட்டத்தில் அறிவிக்கப்பட்ட பண்புக்கூறுக்கு மட்டுமே அனுமதி. சரிபார்ப்பை இயக்கியிருந்தால் நம் 'பறித்தது' அங்கேயே மாட்டிக்கொள்ளும். 'லாக்ஸ்' (அறிவிப்பு இருந்தால் மட்டும் சரிபார்) அல்லது 'ஸ்கிப்' (சரிபார்க்காதே) என்று குறிப்பிடுங்கள். அடுத்து, அந்த மேப்பில் எல்லாம் சரமாகவே வரும்; நாளை யாராவது விலையைச் சேர்த்தால், அதை எண்ணாக மாற்றுவது உங்கள் நிரலின் பொறுப்பு.