போல் பார்ன்: தமிழில் எப்படிச் சொல்வது?

கார், டிராக்டர், லாரி எல்லாவற்றையும் உள்ளே விட்டு வேலை பார்க்கிற மாதிரி ஒரு பெரிய பட்டறை கட்ட வேண்டும் என்று தேட ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்திலேயே 'போல் பார்ன்' (pole barn) என்ற ஆங்கிலச் சொல் எதிரில் வந்து நிற்கும். தூண்களை மண்ணில் நட்டு, அவற்றின் மேல் கூரை போடுகிற கட்டடம் அது. அகராதியை வைத்துப் பெயர்த்தால் 'கம்பக் களஞ்சியம்' என்று வருகிறது. வேரைப் பார்த்தால் அது தப்பில்லை, ஆனால் படிக்கிறவர் மனத்தில் நெல் கொட்டி வைக்கிற இடம்தான் வரும், வண்டிப் பட்டறை வரவே வராது.

முதலில் பார்ன். பழைய ஆங்கிலத்தில் 'பெரெ' என்றால் வாற்கோதுமை, 'ஏர்ன்' என்றால் வீடு. இரண்டும் ஒட்டித் தேய்ந்து பார்ன் ஆயிற்று. அப்புறம் வைக்கோல், மாடு, கலப்பை என்று ஒவ்வொன்றாக உள்ளே வர, தானியம் என்ற பொருள் பின்னுக்குப் போய், பண்ணையில் நிற்கும் பெரிய கூரை என்ற பொருளே நிலைத்துவிட்டது.

போல் என்பதுதான் முக்கியம். இதன் மூலம் லத்தீன் 'பாலுஸ்', அதாவது நிலத்தில் அடித்த முளை. நீளமான கழி, கம்பம் என்பதெல்லாம் பிற்பாடு வந்த பொருள். கட்டடத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய பொருள்தான் உதவும், ஏனென்றால் இந்தக் கட்டடத்தின் உயிரே மண்ணுக்குள் போகிற அந்தப் பகுதியில் இருக்கிறது. 1930களில் அமெரிக்கப் பண்ணைகளில் விளைபொருள் விலை விழுந்து கிடந்தபோது, பெரிய கொட்டகை வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும் என்ற நெருக்கடியில், மின்கம்பிக்கு நடுகிற உருண்டை மரங்களையே குழி தோண்டி நட்டு மேலே கூரை போட்டார்கள். இன்று பெரும்பாலும் சதுர மரங்கள், இல்லாவிட்டால் மூன்று நான்கு பலகைகளை அடுக்கிச் சேர்த்த தூண்கள். அதனால் பொறியாளர்கள் 'போஸ்ட் ஃப்ரேம்', அதாவது தூண் சட்டகம், என்கிறார்கள். பேச்சில் மட்டும் பழைய பெயர் அப்படியே ஓடுகிறது.

இது எப்படி நிற்கிறது? வழக்கமான கட்டடத்தில் சுற்றிலும் கடைக்கால் தோண்டி, சுவர் எழுப்பி, அந்தச் சுவர் கூரையைத் தாங்கும். இங்கே சுவர் கூரையைத் தாங்குவதில்லை. பல இடங்களில் 4 முதல் 6 அடி ஆழம், குளிரில் மண் உறைகிற நாடுகளில் உறைகிற ஆழத்துக்கும் கீழே, தூணை இறக்குகிறார்கள். கூரையின் பாரம் ட்ரஸ் (கூரையைத் தாங்குகிற முக்கோணச் சட்டகம்) வழியாகத் தூணுக்கும் தூண் வழியாக நேரே மண்ணுக்கும் போகிறது, காற்று பக்கவாட்டில் தள்ளும்போதும் புதைந்த பகுதிதான் தூணைப் பிடித்துக்கொள்கிறது. தூண்களுக்குக் குறுக்கே சட்டம் அடித்து அதன் மேல் தகடு போட்டால் அதுதான் சுவர். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 40, 60 அடி அகலம் கிடைக்கிறது, வண்டி வேலைக்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்!

சரி, தமிழுக்கு வருவோம். நம்மிடம் இதற்கு 'கால்' என்ற அருமையான சொல் இருக்கிறது. நாற்காலி, பந்தற்கால், ஆயிரங்கால் மண்டபம் எல்லாவற்றிலும் பாரத்தைத் தாங்கி நிற்பது கால்தான். கம்பம் என்றால் தனியாக நிற்கிற கொடிக்கம்பமும் ஞாபகத்துக்கு வரும். தூண் என்றால் தரைமேல் நிற்கிற கல்தூணும் சரிதான். கால் என்று சொன்னால் 'நடுதல்' தானாகவே கூட வருகிறது. 'நடுகால்' என்று சுருக்கலாமே என்று முதலில் நினைத்தேன், ஆனால் நடுவில் இருக்கிற கால் என்று படித்துவிடுவார்கள், நடுவில் கால் இல்லாததே இதன் சிறப்பு என்பதால் பொருள் தலைகீழாகிவிடும். ஆகவே 'கால்நட்ட கொட்டகை' என்பதே என் தேர்வு. கொட்டில் என்றால் மாடு வந்துவிடும்; சாய்ப்பு என்றால் இன்னொரு சுவரில் சாய்ந்து நிற்பது. கொட்டகை மட்டும்தான் தனியாக நிற்கும் பெரிய கூரைக்குப் பொருந்துகிறது.

ஒர்க் ஷாப்புக்குப் 'பணிமனை' என்று பேருந்துக் கழகங்கள் எழுதுகின்றன, நல்ல சொல்தான். எனக்குப் 'பட்டறை' இன்னும் பிடிக்கும். கொல்லர் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல்லுக்குப் பட்டடை என்று பெயர், பட்டறை அதோடு ஒட்டிய சொல், இரும்பு வேலையின் வாசனை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆக, 'கால்நட்ட வண்டிப் பட்டறை'. இன்னொன்று, ஆங்கில 'ஷாப்' என்பதன் பழைய வடிவத்துக்குச் சிறு கொட்டகை, சாவடி என்றுதான் பொருள், கடை என்ற பொருள் பிறகு வந்தது.

இந்தப் பெயரை மனத்தில் வைத்துத் திட்டம் போட்டால் முதல் கேள்வி காலைப் பற்றித்தான் வரும், வரவும் வேண்டும். கால்களுக்கு இடையே 8 அடி என்பது பரவலான அளவு. 12 அடி அகலக் கதவு வேண்டுமென்றால் இடையில் ஒரு காலை எடுத்துவிட்டு மேலே கனமான விட்டம் கொடுக்க வேண்டும், அதனால் எந்த வண்டி எந்தப் பக்கமாக நுழையும் என்பதைக் குழி தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். காரைத் தூக்குகிற இரட்டைத் தூண் லிஃப்ட் வைக்கப் போகிறீர்களா? உள்ளே சுமார் 12 அடி உயரம் வேண்டும். கதவின் உயரம் எப்போதும் சுவர் உயரத்தைவிடக் குறைவாகத்தான் வரும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தரைக் கான்கிரீட் கட்டடத்தின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு இல்லை என்பதால் கூரை போட்ட பிறகுகூட ஊற்றலாம், அதன் கனத்தைக் கார்களுக்கு 4 அங்குலம், கனரக வண்டிகளுக்கு 6 அங்குலம் என்று பொதுவாக வைப்பார்கள். லிஃப்டுக்கு மட்டும் அதைச் செய்தவர் கேட்கிற கனத்தையும் வலிமையையும் அப்படியே கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் அதன் கீழே ஆள் நிற்கப் போகிறார்.

மரக்கால் உளுத்துப்போவது பெரும்பாலும் குழியின் அடியில் நடப்பதில்லை. தரைமட்டத்தை ஒட்டி, ஈரமும் காற்றும் சேர்ந்து படுகிற இடத்தில்தான் முதலில் மெத்துமெத்தென்று ஆகும். மண்ணில் புதைப்பதற்கென்றே மருந்து ஏற்றிய மரமா என்று கேட்டு வாங்குங்கள், கூரைத் தண்ணீர் காலடியில் தேங்காதபடி மண்ணைச் சரித்துவிடுங்கள்.