காசு கட்டுவதற்கு முன் ஒருமுறை கேளுங்கள்

இந்த மாதமும் ஒரு அம்மா வந்தார். மட்டக்களப்பு மாவட்டம், வாகரைப் பக்கம். கணவருக்குக் கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் இதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்து முடித்துவிட்டார்கள். சொப்பிங் பேக்குக்குள் மடித்து வைத்த பில்கள், நகை ஈடு வைத்த ரசீது, நுண்கடன் புத்தகம் இரண்டு. "டொக்டர், ஏதாவது நிறுவனத்துக்குக் கடிதம் தாங்க, இந்தக் காசை எடுக்கலாமெண்டு சொன்னாங்க" என்றார். கட்டி முடித்த பில்லுக்குத் தொண்டு நிறுவனங்கள் அநேகமாகக் காசு தருவதில்லை. இதை எத்தனை குடும்பங்களுக்குத்தான் பிந்திப்போய்ச் சொல்வது?

நிறுவனங்கள் முதலில் கேட்பது நிபுணரின் கடிதமும் செலவு மதிப்பீடும். காசையும் பெரும்பாலும் உங்கள் கையில் தரமாட்டார்கள், நேரே ஆஸ்பத்திரிக்கோ பாமசிக்கோ கட்டுவார்கள்.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது இன்னொன்று. "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில லிஸ்ட்ல போட்டா ஆள் முடிஞ்சிடும்" என்ற பேச்சு. சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் லிஸ்ட் என்பது வந்த வரிசை மட்டுமல்ல. யாருக்கு அவசரம் என்று பார்த்துத்தான் முன்பின் போடுகிறோம். நெஞ்சுவலி கூடினால், மூச்சு வாங்கினால், அன்றைக்கே வந்து சொல்லுங்கள், திகதி மாறும். சொல்லாமல் வீட்டில் இருந்துவிட்டு "கூப்பிடேல்ல" என்றால் நாங்கள் என்ன செய்வது? காலையில் அரச ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்யும் நிபுணரேதான் பல வேளைகளில் மாலையில் தனியாரிலும் செய்கிறார். அதே கைக்காக வளவை ஈடு வைக்கிறீர்கள். தாமதமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. மெஷின் பழுதாகும், மருந்து முடியும். 2022 பொருளாதார நெருக்கடியில் நாம் பட்டதை யாரும் மறக்கவில்லை.

தொண்டு நிறுவனங்கள் உண்மையில் உயிர் காப்பது அந்த இடைவெளிகளில்தான். வெளியில் எடுக்க வேண்டிய ஸ்கேன், ஸ்டொக் இல்லாத ஊசி, கண்ணுக்கு வைக்கும் லென்ஸ். அதைவிட முக்கியமானது பயணக் காசு. நான் பார்த்தவரை சிகிச்சையைப் பாதியில் விடுபவர்களில் பலர் மருந்துக்குக் காசில்லாமல் விடவில்லை, பஸ்ஸுக்கு இல்லாமல் விடுகிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தம் சுத்திகரிக்கும் டயலிசிஸ் என்றால் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய நாலு மணித்தியாலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து வரும் கூலித் தொழிலாளிக்கு அந்த நாட்களில் உழைப்பும் இல்லை. கூட வருபவருக்கும் இல்லை.

புற்றுநோய் வந்த பிள்ளையை மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னால் தாய்மார் முதலில் கேட்பது "எங்க தங்குறது?" என்றுதான். அங்கே இந்திரா புற்றுநோய் நிதியம் சுவ அரண என்ற இல்லத்தில் நோயுற்ற பிள்ளைகளையும் குடும்பத்தையும் இலவசமாகத் தங்கவைக்கிறது. போகுமுன் வார்டில் கேட்டு இடத்தை உறுதிப்படுத்துங்கள். சிகிச்சைச் செலவுக்கு உதவும் அரசின் ஜனாதிபதி நிதியத்துக்கும் இப்போது கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. 2025 பெப்ரவரியில் இருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறைப் பக்கம் சக்காத் (முஸ்லிம்களின் கட்டாய தர்மம்) குழுக்களிடமும், மற்ற இடங்களில் கோயில் நிர்வாகத்திடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்டையும் கிளினிக் புத்தகத்தையும் தொலைக்காதீர்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்க வேண்டாம், போட்டோக் கொப்பி போதும். வெளியில் வாங்கத் துண்டு தந்தால், பாமசிக்கு ஓடுமுன் "வேற வழி இருக்கா?" என்று எங்களிடமே கேளுங்கள். தயவுசெய்து பிள்ளையின் படத்தையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பேஸ்புக்கில் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

வெளிநாட்டில் இருந்து உதவும் உறவுகளே, உங்கள் மனம் பெரியது. ஆனால் கண்ணீர்ப் படம் வந்த இடத்துக்கே எல்லாக் காசும் போகிறது. ஒரு டயலிசிஸ் நோயாளியின் ஒரு வருட திரீவீல் காசைப் பொறுப்பெடுங்கள். யாருக்குத் தேவை என்பதை, அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டு, வார்டில் இருந்தே சொல்கிறோம்.