ஏழரைக்குள் தாலி, பத்துக்குள் பந்தி: பழைய பாணிக் கல்யாணம், கட்டுப்படியாகும் செலவில்

'விண்டேஜ் தீம்' என்று சொன்ன மாத்திரத்தில் டெக்கரேஷன் கொட்டேஷன் ஒரு பக்கம் நீண்டுவிடும். பித்தளைக் குழல் வைத்த பொம்மை கிராமபோன், சாயம் சுரண்டிய மரக்கதவு, துருப்பிடித்த சைக்கிள், மஞ்சள் இழை பல்பு என்று வரிசையாக வரும். எல்லாமே வாடகை. தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள், இவற்றில் ஒன்றும் இருக்காது. வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழைமரம், குருத்தோலைத் தோரணம், தரையில் பவானி ஜமுக்காளம், பின்னால் ஒரு வெள்ளைத் துணி, கழுத்து கொள்ளாத மாலை. இதில் பாதி இன்றும் சொந்தக்காரர் வீட்டுப் பரணில் கிடக்கிறது, மீதி சந்தையில் கிடைக்கிறது. அலங்காரத்தில் மிச்சம் பிடிப்பது இவ்வளவு சுலபம். பெரிய பணம் கரைவது முகூர்த்த நேரத்தில்.

ஒன்பது - பத்தரை முகூர்த்தம் என்றால் காலை டிபனும் போட வேண்டும், மதியச் சாப்பாடும் போட வேண்டும். முந்தின நாள் மாலை ரிசப்ஷனும் வைத்தால் ராத்திரி விருந்து மூன்றாவது வேளை. முந்நூறு பேர் கல்யாணம் தொள்ளாயிரம் இலையை நெருங்குவது இப்படித்தான். ஆறு - ஏழரை முகூர்த்தத்தில் ஒரே வேளை போதும். தாலி கட்டியதும் கனமான டிபன், பத்து மணிக்குக் கடைசிப் பந்தி கை கழுவிவிடும். மண்டபங்கள் பெரும்பாலும் முந்தின நாள் பிற்பகல் முதல் மறுநாள் பிற்பகல் வரை ஒரே வாடகையாகத்தான் பேசுவார்கள். கோயில் மண்டபம், சமுதாயக்கூடம், சங்கக் கட்டடம் போன்ற இடங்களில் அரைநாள் கணக்கு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காதவருக்கு அவர்களாகச் சொல்வதில்லை.

கிழமையும் காசுதான். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பகல் 12க்கு, ராகுகாலம் மாலை 4.30க்கு. காலை முழுக்கச் சுத்தம், விடுமுறை வேறு. அதனால் மண்டபங்கள் முதலில் தீர்வது ஞாயிறுதான். திங்களிலும் புதனிலும் 7.30 - 9 ஆகாது. திங்களில் அது ராகுகாலம், புதனில் எமகண்டம். ஆனால் 6 - 7.30 அந்த இரண்டு நாளும் ராகு, எமகண்டம், குளிகை மூன்றுக்கும் வெளியே நிற்கிறது. வியாழனில் அதே நேரம் எமகண்டம், மறந்துவிடாதீர்கள். வளர்பிறைப் புதன்கிழமைக் காலை அமைந்தால் மண்டப வாடகையைப் பேசிக் குறைக்க இடம் உண்டு. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு ஆபீசுக்கும் போய்விடலாம். ஜோசியரிடம் போகும்போதே இந்த ஒன்றரை மணி நேரத்தில் லக்னம் பார்க்கச் சொல்லுங்கள். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு நேரம் குறித்தால், கிடைத்த நேரம் கேட்கிற செலவைச் செய்தே ஆக வேண்டும்.

தாலி 6.45க்கு என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வேண்டும். மூன்றரைக்குப் பெண்ணுக்குத் தலை பின்ன ஆரம்பிக்க வேண்டும்; பூஜடைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. நாலரைக்கு மாலை வந்தாக வேண்டும், ஐந்துக்குப் புரோகிதர் உட்கார வேண்டும். இதில் முதலில் சொதப்புவது பால். பால் வண்டி வருவது ஐந்து மணி வாக்கில், காபி கேட்டு ஆள் வருவது நாலு மணிக்கு. முதல் இருபது லிட்டரை முந்தின ராத்திரியே வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். அடுத்தது மைக். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆறு மணி வரை எல்லாம் மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும். இரண்டு நாயனம், இரண்டு தவில் கொண்ட செட்டுக்கு மைக் தேவையும் இல்லை. பிலஹரி ராகத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற சுகத்தை ஸ்பீக்கர் கெடுத்துத்தான் கொடுக்கும்.

மண்டபம் பார்க்கச் சாயங்காலம் போகிறவர்கள்தான் அதிகம். காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவது பெரும்பாலான குடும்பங்களில் வழக்கம். மேடைக்கு எதிரே கிழக்குப் பக்கம் வாசலோ பெரிய சன்னலோ இருந்தால் ஏழு மணி வெளிச்சம் நேராக முகத்தில் விழும், ஹோமப் புகையும் அழகாகத் தெரியும். வீடியோ லைட் வாடகையில் பாதி மிச்சம். மாதத்தையும் பாருங்கள்: சென்னையில் வைகாசியில் 5.45க்குள் சூரியன் வந்துவிடும், தை மாதத்தில் 6.35 ஆகும். தை முகூர்த்தத்தை ஏழு மணியை ஒட்டித் தள்ளினால் நல்லது. பழைய கேமராவில்தான் படம் வேண்டும் என்றால் ஒரு ஃபிலிம் ரோல், 36 படம், போதும். அதைக் குடும்பப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: ஏழரை மணிக்கு வாசலில், முன்வரிசை நாற்காலி, பின்வரிசை நிற்பவர்கள்.

பூவில் ஏமாறுவது சகஜம். மல்லிகை மொட்டு விடியற்காலையில் பறிக்கப்பட்டு அன்று சாயங்காலம் மலர்வது. முந்தின நாள் வாங்கித் தொடுத்தால் ராத்திரியே விரிந்து, முகூர்த்தத்துக்குள் ஓரம் பழுத்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்து மலர்வதைத் தள்ளிப்போடலாம்; ஆனால் பனிக்கட்டி பூவில் பட்டால் அந்த இடம் கறுக்கும், நடுவில் வாழையிலை போட வேண்டும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்தும் குறைவு, முகூர்த்த நாளில் விலை பறக்கும். இதற்குப் பழைய ஆல்பத்திலேயே விடை இருக்கிறது: கனகாம்பரம். வாசனை கிடையாது, ஆனால் முந்தின நாள் தொடுத்தாலும் மறுநாள் மதியம் வரை நிறம் மாறாது, உதிராது. இடையிடையே மரிக்கொழுந்து வைத்துக் கட்டினால் வாசனையும் வந்துவிடும். நெருக்கிக் கட்டச் சொல்லுங்கள். இடைவெளி விட்டுக் கட்டிய கனகாம்பரச் சரம் படத்தில் நூலாகத்தான் தெரியும்.

கீற்றுப் பந்தல் ஆசை எல்லாருக்கும் வருகிறது. இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு காலைக் கல்யாணத்தில், கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்து மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடியோ எடுக்கப் போட்டிருந்த மின்கம்பியில் கிளம்பிய பொறிதான் தொடக்கம். காய்ந்த கீற்று, மின்கம்பி, ஹோமம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கவே கூடாது. கீற்று வேண்டுமென்றால் வாசலில் திறந்த வெளியில் தட்டியாக, பச்சை ஓலையில், கம்பியோ சீரியல் செட்டோ இல்லாமல் வையுங்கள். மேடைக்கு மேலே மண்டபத்தின் கான்கிரீட் கூரையே போதும். வெள்ளைத் துணி கட்டினால் ஹோமகுண்டத்துக்கு நேர் மேலே விட்டுவிட்டுக் கட்டச் சொல்லுங்கள். இரண்டு வாளி மணல், ஒரு டிரம் தண்ணீர், இரண்டு பக்கமும் திறந்த வழி. வழியை அடைத்து நாற்காலி போடுவதற்கென்றே யாராவது வருவார்கள். அவரைத் தடுக்க ஓர் ஆளை நிறுத்துங்கள்.

பாட்டி பட்டுப்புடவையைப் பெண் கட்டிக்கொள்வது நல்ல யோசனை, சோதித்துவிட்டுக் கட்டினால். பழைய பட்டு புடவையின் உடல் பகுதியில் கிழியாது, மடிப்பில் கிழியும். பல வருஷம் ஒரே மடிப்பில் கிடந்த புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மடிப்புக் கோட்டில் ஊசி ஊசியாக வெளிச்சம் தெரியும். அப்படித் தெரிந்தால் அது உட்கார்ந்து எழுந்து மூன்று முறை சுற்றிவரத் தாங்காது. உடலும் கரையும் சேரும் இடத்தையும் இரு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். பூச்சி உருண்டை பட்டதால் ஜரிகை கறுத்திருந்தால் புளி, எலுமிச்சை என்று எதையும் தேய்க்க வேண்டாம். நைந்த புடவையை ஊஞ்சலுக்கு மட்டும் கட்டலாம், அல்லது நல்ல பாகத்தை ரவிக்கையாக்கலாம். கூறைக்குப் புதிதாக எளிய பட்டோ பருத்தியோ எடுங்கள். அக்கினிக்கு முன்னால் சிந்தெட்டிக் துணி மட்டும் வேண்டாம்.

பித்தளைப் பாத்திரம் பந்திக்கு அழகு சேர்க்கும், வயிற்றுக்குக் கெடுதலும் செய்யும். ஈயம் பூசாத பித்தளையில் சாம்பார், மோர், தயிர், எலுமிச்சை சாதம் எதையும் ஊற்றி வைக்கக் கூடாது. புளிப்பு பட்டதும் களிம்பு ஏறும், பிறகு வாந்திதான். ஈயம் பூசக் கொடுத்தால் வெள்ளீயமா என்று கேட்டுக் கொடுங்கள், காரீயம் விஷம். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் பித்தளையைத் தண்ணீருக்கும் சந்தனம், பன்னீர், கற்கண்டு வரவேற்புத் தட்டுக்கும் வைத்துக்கொண்டு, பரிமாற எவர்சில்வர் தூக்கு, வாளி போதும். புளி போட்டுத் துலக்கியதும் ஈரம் போகத் துடைத்து வையுங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் விடிவதற்குள் திட்டுத் திட்டாகக் கறுத்திருக்கும்.

விலை ஊருக்கு ஊர் மாறும், அளவு மாறாது. நூறு இலைக்கு: இட்லி ஆளுக்கு இரண்டு என்றால் இட்லி அரிசி 5 கிலோ, உளுந்து ஒன்றேகால் கிலோ. பொங்கலுக்குப் பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு 1 கிலோ, நெய் முக்கால் கிலோ. வடை ஆளுக்கு ஒன்று, பத்து உபரியாக, உளுந்து இரண்டரை கிலோ. கேசரிக்கு ரவை ஒன்றரை கிலோ, சர்க்கரை இரண்டரை, நெய் ஒரு கிலோ. காபியை மட்டும் நூறுக்கு நூற்றைம்பதாகக் கணக்கிடுங்கள், விடிகாலையில் ஒரு முறை, டிபனோடு ஒரு முறை: பால் 12 லிட்டர், தூள் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். கல்யாணப் பொங்கல் இரண்டாம் பந்தியில் கல்லாவது எப்போதும் நடப்பது. இறக்கும்போதே தளர இருக்க வேண்டும், பக்கத்தில் கொதிநீர் வைத்திருக்க வேண்டும்.

டிபனுக்குப் பெரிய தலைவாழை தேவையில்லை, சிறிய டிபன் இலை பாதி விலைக்கு முடியும். நூறுக்குப் பத்து கூடுதலாக வாங்குங்கள், கிழிசல் வரும். மேஜையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒரு பந்திக்கு முப்பத்தைந்து நிமிடம், பதினைந்து இருபது இலைக்கு ஒரு பரிமாறுகிறவர். பத்திரிகையிலேயே 'காலைச் சிற்றுண்டி 7 மணி முதல்' என்று அச்சிட்டுவிட்டால், மதியச் சாப்பாட்டை நம்பிப் பதினோரு மணிக்கு வந்து நிற்பவர்களின் வருத்தம் இருக்காது.

பத்திரிகையில் இரண்டு பிரதியும் தாலி கட்டும் படமும் தனியே எடுத்து வையுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும், அப்போது தேவைப்படும்.

இரவல் வாங்கிய பாத்திரங்களுக்கு ஒரு நோட்டு போடுங்கள். பழைய பித்தளையின் அடியிலோ விளிம்பிலோ பெயர் வெட்டியிருக்கும், அந்தப் பெயரையே எழுதிக்கொண்டால் போதும். சமையல்காரர் சாமான் கட்டுவதற்கு முன்னால் எண்ணி முடித்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு தவலை இருந்தால், எது யார் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அந்த வெட்டெழுத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.