புற்றுநோயாளியின் வீடு தேடி வரும் நர்ஸ்: யார் கேட்கலாம், எப்படிக் கேட்பது?

ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு சிகிச்சை) ஆகியவற்றுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கைகொடுக்கும் என்பது பல குடும்பங்களுக்குத் தெரியும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் அந்தக் காப்பீடு ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பிறகு மூக்கில் டியூப், வயிற்றில் மலம் சேரப் பொருத்திய பை, ஆறாத புண் என்று ஒருவர் வீட்டில் படுத்திருந்தால் அவரை யார் பார்ப்பது? தமிழ்நாட்டில் அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் பலருக்குத் தெரிவதில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம்தான் அது. சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீட்டிலேயே மாத்திரை கொடுக்கும் திட்டம் என்றே அதற்குப் பெயராகிவிட்டது. அதே திட்டத்தில்தான் வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு நர்ஸும் (வலி, புண் போன்ற தொல்லைகளைக் குறைத்துப் பராமரிப்பவர்) ஒரு பிசியோதெரபிஸ்ட்டும் வீடுகளுக்கு வருகிறார்கள். கட்டணம் கிடையாது. காப்பீட்டு அட்டையும் தேவையில்லை.

நோய் ஆதரவு, பேலியேட்டிவ் என்ற சொற்களைக் கேட்டதும் “அது கடைசிக் கட்டத்துக்குத்தானே, டாக்டர் கைவிட்டுட்டாரா?” என்று பயந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை எங்கும் இல்லை. கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே கேட்கலாம். சிகிச்சை முடிந்து நோய் குணமாகி, கை வீக்கமோ வயிற்றுப் பையோ மட்டும் மிச்சமிருப்பவரும் கேட்கலாம். வீட்டில் செவிலியர் பராமரிப்பு தேவைப்படுகிறதா என்பதுதான் கேள்வி. எத்தனை நாள் இருப்பார் என்பது அல்ல.

எப்படிக் கேட்பது? உங்கள் ஊர் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருகிறதோ அங்கே டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்சி ரிப்போர்ட் நகல்களோடு போய், “நோய் ஆதரவு நர்ஸ் வீட்டுக்கு வர வேண்டும்” என்று சொல்லிப் பெயரைப் பதியுங்கள். நோயாளி வர வேண்டியதில்லை, வீட்டார் யார் போனாலும் போதும். மாத்திரை கொடுக்க வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் சொல்லலாம். சுய உதவிக் குழுப் பெண்கள்தான் அவர்கள், பெரும்பாலும் தெரிந்த முகமாகவே இருக்கும். எங்கே போவதென்றே புரியாவிட்டால் 104-ஐ அழைத்துக் கேளுங்கள்.

நர்ஸ் வந்தால் என்ன செய்வார்? புண்ணுக்குக் கட்டு மாற்றுவார், யூரின் டியூப் மாற்றுவார், படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று காட்டித் தருவார். காட்டித் தருவதுதான் இதில் பெரிய உதவி என்பேன். ஏனென்றால் அவர் போன பிறகு மிச்ச வேலை முழுக்க வீட்டார் தலையில்தான். மூக்கு டியூப் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்து அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டு டியூபை அலசாவிட்டால் அடைத்துக்கொள்ளும். வயிற்றுப் பை நிரம்பி வழியும்வரை விடக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கனத்தில் பிடுங்கிக்கொண்டு வரும், சுற்றியுள்ள தோலும் வெந்துபோகும். ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சொன்னது பாதி மறந்திருக்கும். அதையெல்லாம் இவரிடம் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

புண்ணில் வாடை வருகிறதென்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். டாக்டர் யோசனையோடு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுவது நோய் ஆதரவுச் சிகிச்சையில் வழக்கமான முறை, வாடை நன்றாகக் குறையும். வாடைக்குப் பயந்தே அறையை விட்டு வெளியே வராத நோயாளிகள் உண்டு. மார்பக ஆபரேஷனுக்குப் பின் கை வீங்கினால் அது பிசியோதெரபிஸ்ட்டின் வேலை, அவரையும் சேர்த்தே கேளுங்கள்.

கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் போதைப்பொருள் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து. அதை நர்ஸ் தானாகத் தர முடியாது, டாக்டர்தான் எழுத வேண்டும். 2014-ல் அந்தச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பது எளிதாகியிருக்கிறது. வெளி மெடிக்கல் ஷாப்பில் தேடி அலையாமல், நோயாளி சிகிச்சை பெறும் மருத்துவமனையிலேயே கேளுங்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொதுவாக நான்கு மணி நேரத்துக்கு ஒன்றாக எழுதுவார்கள். வலி வரட்டும் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் சொன்ன நேரத்துக்குப் போட வேண்டும். மலச்சிக்கல் பெரும்பாலும் வரும் என்பதால் அதற்கான மருந்தையும் அதே சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள்.

செக்கப்புக்கு ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. இரண்டிலும் அடிப்படைக் கட்டணம் முழுத் தள்ளுபடி. கூடப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி உண்டு.

திட்டத்தின் எல்லையையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஒரு வட்டாரம் முழுக்க ஒரே நர்ஸ் என்றால் தினமும் வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் இரவு தங்க மாட்டார், வீட்டில் கீமோ போட மாட்டார். முதல் தடவை வரும்போதே அடுத்து எப்போது வருவார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் நர்ஸுக்காகக் காத்திருக்கவே கூடாது. கீமோ போட்ட பிறகு, அதிலும் 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை, கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்து கிடக்கும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும், நள்ளிரவானாலும் சரி. வண்டி இல்லையென்றால் 108. போய்ச் சேர்ந்ததும் முதலில் கீமோ போட்ட தேதியைச் சொல்லுங்கள், அப்புறம் காய்ச்சலைச் சொல்லுங்கள்.